பதவி துறக்க ஒரு சொல்

ஒரு மாணவர் அமைப்பின் செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகியபோது, ‘தவிர்க்க இயலாத சொந்தக் காரணங்களால்’ என்று கடிதத்தில் எழுதினேன். உண்மைக் காரணம் அதுவன்று. செயலவையின் முடிவொன்றை என்னால் ஏற்க முடியவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லத் துணிவும் இல்லை.

பின்னர் தென்கிழக்காசிய வரலாற்றுப் பாடத்திற்காகப் படித்தபோது ஒரு பழைய வியட்நாமியச் சொல் கண்ணில் பட்டது: ‘காவ் குவான்’. பதவி துறத்தல் என்பது அதன் பொருள். சீனத்திலிருந்து வந்த இரு சொற்களின் சேர்க்கை அது. ‘குவான்’ என்றால் அரசு அதிகாரி. ‘காவ்’ என்றால் அறிவித்தல், விண்ணப்பித்தல். அக்காலத்தில் பதவி மன்னர் அளித்தது. எனவே, ‘நான் போகிறேன்’ என்று அதிகாரி சொல்லிவிட முடியாது. தக்க காரணம் காட்டி விடை கேட்க வேண்டும். நோயைக் காட்டினால் ‘காவ் பென்’; முதுமையைக் காட்டினால் ‘காவ் லாவ்’.

கவிஞர் நுவென் குயென் மூன்று நிலை அரசுத் தேர்வுகளிலும் முதலிடம் பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் நாட்டைக் கைப்பற்றி வந்த வேளையில், 1884இல், கண்நோயைக் காரணம் காட்டிச் சொந்த ஊரான யென் டோவுக்குத் திரும்பினார். அந்நியருக்குப் பணிசெய்ய அவருக்கு மனமில்லை என்பது ஊரறிந்த செய்தி. பணிவான அச்சொல்லுக்குள் மறுப்பும் அடங்கியிருந்தது.

வெளிப்படையாக விலகியவர்களும் உண்டு. ‘முத்திரையைத் தொங்கவிட்டுப் பதவி துறத்தல்’ என்றொரு மரபுத்தொடர் வியட்நாமிய மொழியில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில், அரச கல்விக்கழக ஆசான் சூ வான் ஆன், தீய அமைச்சர் எழுவரின் தலையை வெட்டுமாறு மன்னருக்கு விண்ணப்பித்தார். மன்னர் செவிசாய்க்கவில்லை. பதவிக்குரிய தலையணியைத் தொங்கவிட்டுவிட்டு, அவர் சீ லின் மலைப்பகுதிக்குச் சென்றார். 1370இல் மறைந்த அவருக்கு இன்று ஹனோய் இலக்கியக் கோயிலில் சிலை உண்டு.

ஒருவர் காரணத்தை மறைத்தார்; மற்றவர் முழங்கினார். ஆனால் இருவருமே ஊரொதுங்கிய பின்னும் கற்பித்தார்கள், கவிதை எழுதினார்கள். பதவியைத்தான் துறந்தார்களேயன்றிப் பணியை அல்ல.

இங்கேதான் நான் தலைகுனிந்தேன். பொறுப்பைவிட்டு விலகிய கோபத்தில், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு நடத்திவந்த சனிக்கிழமை வகுப்பையும் அல்லவா நிறுத்தியிருந்தேன்! பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்?

இப்போது மீண்டும் வகுப்புக்குப் போகிறேன். நாற்காலியை விட்டு எழுந்த நண்பர்களே, உங்கள் பணி எங்கே காத்திருக்கிறது?