உங்களுக்குத் தெரியுமா? மல்லாட்டையும் இடுப்புச் சுற்றளவும்

"ஆர்கானிக் சாப்பிட்டா உடம்பு குறையுமாமே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கையில் ஆர்கானிக் முறுக்குப் பாக்கெட். பாதி காலி. அந்தக் கேள்விக்காகத் தேடிச் சேர்த்தவை இவை.

● ‘ஆர்கானிக்’ என்ற சொல் ஒரு பொருள் எப்படி விளைந்தது என்பதைச் சொல்லும். தின்றால் எவ்வளவு சதை போடும் என்பதை அது சொல்லாது. யூரியா போட்ட கொல்லையில் விளைந்தாலும் சரி, மாட்டெருவும் பஞ்சகவ்யமும் கண்ட கொல்லையில் விளைந்தாலும் சரி, 100 கிராம் நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 560 கலோரி இருக்கும்.

● அந்த நிலக்கடலைக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகச் சுருங்கியது. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் இப்படி நம் கொல்லைமேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செடியின் பூர்வீகம் அதற்கும் அப்பால், தென் அமெரிக்கா.

● விதைக் கடலை மூட்டையில் ‘டி.எம்.வி.’ என்று போட்டிருந்தால் அது திண்டிவனம் என்பதன் சுருக்கம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு அந்தப் பெயர். குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 வந்தது 1940-இல். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே ஊர்ப் பெயர் ரகத்தின் பெயராகிவிட்டது! எள்ளிலும் ஆமணக்கிலும்கூட டி.எம்.வி. ரகங்கள் உண்டு.

● எடை குறைக்க நினைப்பவருக்கு மல்லாட்டை பகையா? எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அவித்த கடலையில் தண்ணீர் ஏறியிருப்பதால் 100 கிராம் பருப்புக்குச் சுமார் 320 கலோரிதான். இன்னொரு லாபம், ஓடு. பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் குண்டானை ஈரச்சாக்கால் மூடி வைத்து, ஆழாக்கில் அளந்து காகிதப் பொட்டலத்தில் கொட்டித் தருவார்கள். ஒவ்வொன்றாக நசுக்கி, உப்புத் தண்ணீரை உறிஞ்சி, பருப்பை எடுத்து, சொத்தையைத் துப்பி முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். வயிறு நிறைந்தது மூளைக்கு எட்ட அவ்வளவு நேரம் வேண்டும். அதே கடலையை எண்ணெயில் பொரித்து, உப்பும் காரமும் தூவிக் கையில் கொடுத்தால் நாலு வாயில் தீர்ந்துவிடும்.

● மரச்செக்கு எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்பது கடைக்காரர் வாக்கு. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டியதற்குத் தள்ளுபடி கிடையாது. வாசனைக்காகவும் ருசிக்காகவும் வாங்குங்கள். நானும் அதற்குத்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 120 கலோரி என்பது நினைவிருக்கட்டும். கீரை 100 கிராமுக்கு முப்பது நாற்பது கலோரிதான். அதில் மூன்று கரண்டி எண்ணெய் விட்டு வதக்கிவிட்டு, "கீரைதானே சாப்பிட்டேன்" என்று சொல்லக்கூடாது.

● நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380 கலோரி. வெள்ளைச் சர்க்கரை அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

● அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு வணிக வளாகத்தில் 115 பேருக்கு பிஸ்கட், தயிர், சிப்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு; ஒன்றில் ‘ஆர்கானிக்’ என்ற சீட்டு, மற்றதில் சாதாரணச் சீட்டு. உண்மையில் இரண்டும் ஒன்றே. ‘ஆர்கானிக்’ சீட்டு ஒட்டியதில் கலோரி குறைவு என்றார்கள், அதற்குக் கூடுதல் காசும் தருவோம் என்றார்கள். 2013-இல் வெளிவந்த ஆய்வு. பக்கத்து வீட்டு அக்காவின் முறுக்குப் பாக்கெட் ஏன் பாதி காலியானது என்பது இப்போது புரிகிறதா?

● எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி உண்டு. பிரான்சில் 62 ஆயிரம் பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இயற்கை விளைபொருள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு உடல் பருமன் வருவது குறைவாக இருந்தது. 2017-இல் அச்சான ஆய்வு. ஆனால் அவர்கள் காய்கறி, பழம், முழுத்தானியமும் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள். குறைத்தது காயா, காய் வளர்ந்த முறையா என்று கண்காணிப்பு ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

● விளைந்த முறையை விட்டுவிட்டு, தயாரித்த முறையைச் சோதித்த ஆய்வு வேறொன்று. 2019-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு, வேண்டுமளவு சாப்பிடலாம் என்றது. பாக்கெட் வாரங்களில் நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. ஆர்கானிக் பாக்கெட்டும் பாக்கெட்தான் அக்கா!

● ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ்தான் என் கணக்கில் உள்ளூரின் சிறந்த காலை உணவு. 50 கிராம் கம்பு மாவில் சுமார் 180 கலோரிதான். அதைக் காய்ச்சி, புளிக்கவிட்டு, மோர் விட்டுக் கரைத்தால் ஒரு பெரிய சொம்பு. குடித்தவருக்கு மதியம்வரை பசிக்காது. கூடவே கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் போதும். கெடுப்பது எண்ணெயில் பொரித்த மோர்மிளகாயும், "இன்னும் ரெண்டு" என்று கேட்டு வாங்கும் வடையும்தான்.

● ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு வரகும் சாமையும் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டன. வெள்ளை வெளேரென்று இருந்தால் ஒதுக்குங்கள். தவிட்டை நன்றாகத் தீட்டி எடுத்துவிட்டால் நார்ச்சத்தின் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகிவிடும். மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

● திண்டிவனம் என்பதே திந்திரிவனம், அதாவது புளியங்காடு என்பார்கள். எடை குறைக்கும் மாத்திரைகளில் வரும் ‘புளி’ இந்தப் புளி அல்ல. அது கேரளத்து மீன்குழம்பில் போடும் குடம்புளியின் சாறு. குழம்பில் கிடக்கும்வரை நல்லது. செறிவூட்டிய மாத்திரையாக விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

● கோடையில் திண்டிவனம், மரக்காணம் சாலையோரம் குவியும் தர்பூசணியில் 100 கிராமுக்கு 30 கலோரிதான், பெரும்பகுதி தண்ணீர். 2025 கோடையில் ஊசி போட்டுச் சிவக்க வைக்கிறார்கள் என்ற பேச்சு பரவி, விலை சரிந்து, விவசாயிகள் பழத்தைப் பறிக்கக் கூலி கொடுக்கவும் முடியாமல் தவித்தார்கள். பழத்தின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்ற இயற்கை நிறமி. சர்க்கரை போட்டு ஜூஸ் அடிக்காமல் கீறித் தின்னுங்கள்.

● அப்படியானால் ஆர்கானிக் எதற்கு? பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதை 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுப்பாய்வும் ஒப்புக்கொண்டது. சத்து கூடுதல் என்பதற்குத்தான் போதிய சான்றில்லை என்றது. சாப்பிடுபவரை விடுங்கள். முதுகில் தெளிப்பான் கட்டி, முகத்தில் துண்டு சுற்றி, மருந்து அடிக்கும் ஆளின் நுரையீரலுக்கு அது முதல் நன்மை. விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அரித்துப்போன செம்மண்மேடு. இன்று அங்கே இயற்கைப் பண்ணைகள் நெல்லும் காயும் விளைவிக்கின்றன. மண்ணுக்குக் கிடைத்த லாபம் அது.

● பூஞ்சைக்கு ஆர்கானிக் தெரியாது. சரியாகக் காயாத மல்லாட்டையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்பைத் துப்பிவிடுங்கள்.

● ரசாயனத்தை நேற்று நிறுத்திவிட்டு இன்று ஆர்கானிக் முத்திரை வாங்க முடியாது. ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றுக்காலம் கடக்கவேண்டும். பாக்கெட்டில் அரசு அங்கீகரித்த ஆர்கானிக் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு விவசாயி தானே கொண்டுவந்து உங்களிடம் நேரடியாக விற்றால் சின்னம் கட்டாயமில்லை. அங்கே கொல்லையைப் போய்ப் பார்த்து வருவதே சான்று.

● ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடை உள்ளவர்களாக இருந்தார்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. தையல் நாடா ஒன்று போதும். இன்று காலை அளவைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பொங்கலுக்கு மறுபடி அளந்து பாருங்கள்.