கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது யார்? ஒரு கைது, பல கதைகள்

துரோகி என்றதும் நம் வாயில் வரும் பெயர் எட்டப்பன். ஆனா, வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டது எட்டயபுரத்தில் இல்லை. புதுக்கோட்டைச் சீமையில், திருக்களம்பூர் காட்டுப் பக்கம். பிடித்தவர்கள் மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

அப்போ புதுக்கோட்டை 'காட்டிக்கொடுத்த ஊரா'? வெளியூரில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கிண்டல் புதுசு இல்லை. பதில், நாம் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் கட்டபொம்மன், கிஸ்தி கட்டாத கலகக்காரர். சரி, வெள்ளைக்காரன் அப்படித்தான் எழுதுவான் என்று மூடிவிட வேண்டாம். 1798-ல் ராமநாதபுரத்தில் நடந்த மோதலை விசாரித்த கம்பெனியின் குழுவே கட்டபொம்மன்மீது தவறில்லை என்றது. கலெக்டர் ஜாக்சனின் பதவி போனது. எதிரியின் ஆவணத்திலேயே அவருக்குச் சாதகமான சாட்சி!

அரண்மனைப் பக்கம் போனால் கதை வேறு. 1750-களில் திருச்சி முற்றுகையின்போதே தொண்டைமான்கள் ஆங்கிலேயருக்கு உணவுப்பொருள் அனுப்பி உதவியவர்கள். அந்த நட்புக்காகப் பின்னாளில் ஹைதர் அலி படையின் சூறையாடலையும் தாங்கினார்கள். 1799-ல் கலெக்டர் லூஷிங்டன் கடிதம் எழுதிக் கேட்டபோது, அவர்களுக்கு அது பழைய கூட்டணியின் தொடர்ச்சி. 'இந்திய விடுதலை' என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. ஆனால் 1916-ல் சமஸ்தான வரலாற்றை எழுதிய ராதாகிருஷ்ண ஐயர், மன்னர் பெயரில் நடந்த கல்லூரியின் முதல்வர். அதையும் மனசில் வச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

தெற்கே நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் கட்டபொம்மனை மறக்கவிடவில்லை, நா. வானமாமலை அவற்றைப் பதிப்பித்தார். 1959-ல் வந்த சிவாஜி படம் மீதியைச் செய்தது. நம்மில் பலருக்கு அந்தப் படம்தான் பாடப்புத்தகம். அமெரிக்க ஆய்வாளர் நிகோலஸ் டர்க்ஸ் 1987-ல் புதுக்கோட்டையைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஆங்கிலேயர் நிழலில் கிரீடம் மிஞ்சியது, அதிகாரம் கரைந்தது என்பது அவர் வாதம். வென்ற பக்கம் நின்றவரும் இழந்தார் என்ற கோணம் சினிமாவில் கிடைக்காது.

கைதுக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் என்பது நிபந்தனை. அந்த யானையைக் கம்பெனி வற்புறுத்திக் கேட்கவே இல்லை. கீழாநிலை தங்களுக்கு முன்பே சேரவேண்டியது என்பது தொண்டைமான்களின் பழைய வாதம். கம்பெனிக்கு அது சேவைக்கான பரிசு. பாஞ்சாலங்குறிச்சியில் நின்று பார்த்தால் கூலி.