காசின் மதிப்பு உலோகத்திலா, முத்திரையிலா?

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டு, ஐம்பது காசு நாணயம் ஒன்றை நீட்டிப் பாருங்கள். "இது செல்லாதுங்க" என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார். உண்மையில் அது செல்லும்! 2011 ஜூன் 30 முதல் செல்லாமற் போனவை 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையுமே. அப்படியானால், ஒரு நாணயத்துக்கு மதிப்பைத் தருவது எது?

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து சோழர்கள் ஆண்ட நாளில், பொற்காசின் மதிப்பு அதிலுள்ள பொன்னின் எடையையும் மாற்றையும் பொறுத்திருந்தது. இன்றைய நாணயம் அப்படியன்று. அது அரசு முத்திரையிட்டுத் தரும் ஒரு வாக்குறுதி. உலோகம் அந்த வாக்குறுதியைச் சுமக்கும் வண்டி மட்டுமே.

வண்டியின் விலை மலிவாக இருக்கவேண்டும் அல்லவா? 1957 ஏப்ரல் 1-இல் வெளியான ஒரு நயா பைசா 1.5 கிராம் வெண்கலம். 1965-இல் ஒரு பைசா முக்கால் கிராம் அலுமினியக் கலவையாக இளைத்தது. 1988 முதல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது காசுகள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின.

மாறாவிட்டால் என்ன ஆகும்? பழைய ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம்; அதில் 75 விழுக்காடு செம்பு, 25 விழுக்காடு நிக்கல். அதாவது நிக்கல் மட்டும் 2.25 கிராம். 2007 மே மாதம் உலகச் சந்தையில் ஒரு கிலோ நிக்கல் ஏறத்தாழ 2,000 ரூபாய். கணக்கிடுங்கள்: நிக்கலின் விலையே நாலரை ரூபாய்! செம்பையும் சேர்த்தால் ஐந்து ரூபாயைத் தாண்டிவிடும். உருக்குவது சட்டப்படி குற்றம். ஆயினும் ஆசை யாரை விட்டது? அந்த ஆண்டிலேயே 6 கிராம் எஃகு நாணயம் வந்தது.

அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயம் 97.5 விழுக்காடு துத்தநாகம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு. 2024-இல் அதைச் செய்ய 3.69 சென்ட் செலவாயிற்று. 2025 நவம்பரில் புழக்கத்துக்கு அச்சிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 2011-க்குப் பின் வந்த சிறிய ஒரு ரூபாய் நாணயங்கள் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 37.9 கிராம். அளவுசாடியிலுள்ள நீரில் போட்டால் நீர்மட்டம் ஏறத்தாழ 4.9 கன செ.மீ. உயரும். வகுத்தால் அடர்த்தி 7.7. அது எஃகு! காந்தமும் கவரும். பாட்டியின் சுருக்குப்பையிலுள்ள அலுமினிய ஐந்து பைசா இருபதைப் போடுங்கள். 30 கிராம், 11 கன செ.மீ.; அடர்த்தி 2.7. காந்தம் அதைத் தீண்டாது.

காந்தமும் நீரும் உலோகத்தைச் சொல்லும், மதிப்பைச் சொல்லமாட்டா. மதிப்பு நம் நம்பிக்கையில் இருக்கிறது. ஆகவே, அடுத்த முறை ஐம்பது காசை யாரேனும் நீட்டினால், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் வாங்க மறுக்கும் நாளில்தான் அது வெறும் எஃகுத் துண்டாகிறது.