ஈடு கேட்கும் கடனும் ஈடு கேட்காத உதவித்தொகையும்

வெளிநாட்டில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த மாணவர் அடுத்து எதிர்கொள்ளும் கேள்வி பணம் பற்றியது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், செங்கல்பட்டு மாவட்டத்தைப் பொறுத்தவரை அது முதலில் நிலம் பற்றிய கேள்வியாகவே அமைகிறது. காட்டாங்குளத்தூரிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களைக் கொண்ட இம்மாவட்டத்தில், ஒரே வகுப்பறையில் ஒரே மதிப்பெண்ணுடன் பட்டம் பெறும் இருவரில் ஒருவர் விமானம் ஏறுவதற்கும் மற்றவர் இங்கேயே நின்றுவிடுவதற்கும், குடும்பத்தின் பெயரில் பட்டா இருக்கிறதா இல்லையா என்பதே பல நேரங்களில் காரணமாகிவிடுகிறது.

இதற்கான விளக்கம் கல்விக்கடனின் அமைப்பிலேயே உள்ளது. இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டு வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டமே பொதுத்துறை வங்கிகளின் நடைமுறைக்கு அடிப்படை. இத்திட்டத்தில் ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு ஈடு, அதாவது கடன் திரும்பாவிட்டால் வங்கி விற்று எடுத்துக்கொள்ளக்கூடிய வீடு, மனை, வைப்புத்தொகை போன்ற சொத்து, கேட்கப்படுகிறது. அந்த வரம்புக்குட்பட்ட கடன்களுக்கு 2015-இல் மத்திய அரசு ஏற்படுத்திய உத்தரவாத நிதியம் பொறுப்பேற்பதால், அவற்றுக்கு ஈடோ பிணையாளோ தேவையில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கி முழுச் செலவையும் தருவதில்லை. மார்ஜின் எனப்படும் 15 விழுக்காட்டுப் பங்கை, ரூ.4 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களில், குடும்பமே போட வேண்டும்.

ஈடில்லாமல் கிடைக்கும் ரூ.7.5 லட்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஜெர்மனியை வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், குறைந்த செலவில் படிக்கக்கூடிய நாடாக அது கருதப்படுகிறது. ஆனால் விசா பெறுவதற்கு முன்பே, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். கட்டணமே இல்லாத நாட்டின் முதல் ஆண்டுக்குக்கூட ஈடில்லாக் கடன் போதவில்லை என்றால், கட்டணம் வாங்கும் பிரிட்டனையும் அமெரிக்காவையும் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கடனின் கதவைத் திறக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மனை விலை ஏறியதால் அங்கே நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குக் கடன் எளிதாயிற்று. அதே கடற்கரையில், கோவளம் முதல் தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களில், தலைமுறைகளாகக் குடியிருந்தும் தனிப்பட்டா இல்லாத வீடுகள் பல என்பதால், சுற்றியுள்ள மண்ணின் விலை உயர்வு அவர்களது பிள்ளைகளின் கடன் தகுதியை உயர்த்தவில்லை. பழங்குடியினரான இருளரின் குடியிருப்புகளின் நிலை இன்னும் கடினமானது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு இம்மாவட்டத்திலேயே தொடங்கிய ஒரு வரலாறும் உண்டு. 1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமற்றிருப்பதே அவர்களது அடிமை நிலைக்கு வேர் என்று அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 முதல் சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ‘பஞ்சமி நிலம்’ என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை அந்நிலத்தைக் காக்கவே விதிக்கப்பட்டது. இருந்தும் அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. எஞ்சியிருப்பதையும், யாருக்கும் தடையின்றி ஏலம் விட முடியாத சொத்து என்பதால், ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும்.

ஈடு கேட்காத பணத்தால் கடல் கடந்து படித்தவர்களின் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றது பரோடா மன்னர் மூன்றாண்டுகளுக்கு வழங்கிய, மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையால். 1914-இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றது சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய ஆண்டுக்கு 250 பவுண்டால். சொத்தைப் பார்க்காமல் அறிவை நம்பிக் கொடுக்கப்பட்ட அந்தப் பணம் நாட்டுக்கு எத்தனை மடங்காகத் திரும்பியது என்பதை வரலாறு காட்டிவிட்டது.

இன்று அந்த மரபைத் தொடரும் திட்டங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம். ஆதிதிராவிடர், கிறித்தவ ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர் வெளிநாட்டில் முதுகலை அல்லது முனைவர் பட்டம் படிக்க, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருப்பின் ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை வழங்குகிறது. மற்றொன்று, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணம், விசா, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஏற்கும் இத்திட்டத்தின் 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கும், 6 சீர்மரபு மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கும், 4 நிலமற்ற வேளாண் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் உரியவை.

மாமல்லபுரத்தின் கல்தச்சர் குடும்பங்கள் அந்தக் கடைசிப் பிரிவில் விண்ணப்பிக்க வழியுண்டு என்பது பரவலாக அறியப்படவில்லை. 1957-இல் அங்கு தொடங்கப்பட்ட அரசுச் சிற்பக்கலை நிறுவனம் இன்று கல்லூரியாக இயங்குகிறது. அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆயினும் நாடு முழுவதற்கும் நான்கே இடங்கள் என்பது மிகக் குறைவு. அதற்கு மேல், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு தொடர்பான பாடங்களை 2022-இன் விதிகள் விலக்கிவிட்டதால், பல்லவர் கலையை ஆய்வதற்கு ஒரு சிற்பியின் மகளால் இந்த உதவியைப் பெற முடியாது. 2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே ஒதுக்கீட்டுக் கடிதம் தரப்பட்டதும், நிதி நிலவரத்தைக் காரணம் காட்டி மற்றவர்கள் காக்க வைக்கப்பட்டதும், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கெடுநாள் இருக்கும் மாணவருக்கு நேர்ந்த அநீதியாகும்.

கடனை மட்டும் நம்புவோர் அதன் சுமையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ரூ.20 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் பெற்றால், இரண்டாண்டுப் படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சேர்ந்த தவணை விலக்குக் காலத்தில் தனிவட்டியே ரூ.6 லட்சமாகிறது, அந்த வட்டியைக் கட்டாமல் விட்டால் ரூ.26 லட்சத்துக்குப் பத்தாண்டுகள் மாதம் ரூ.34,000-க்கு மேல் செலுத்த நேரிடும். வேலை தாமதமானால் அந்தத் தவணை பெற்றோரின் வீட்டின் மீது விழும்.

எனவே தகுதியுள்ள மாணவர்கள் வங்கிக்குப் போவதற்கு முன் உதவித்தொகையைத் தேட வேண்டும். இளங்கலையின் இறுதியாண்டு தொடங்கும்போதே சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் கடவுச்சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் விவரம் கேட்பது பயன் தரும். மத்தியத் திட்டம் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தை, அதாவது மதிப்பெண், மொழித்தேர்வு என எந்த நிலுவையும் இல்லாத கடிதத்தைக் கேட்பதால், பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஓராண்டு முன்பே அனுப்ப வேண்டும். அரசுகள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது: கைவினைஞருக்கான இடங்களைப் பெருக்குவதும், பாடத் தடையை நீக்குவதும், தேர்வானவர்களுக்கு உரிய நாளில் பணம் தருவதும், கரையோரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஈடு கேட்காத வழியொன்றை அமைப்பதும் கருணையாக அல்ல, கடமையாகவே நிறைவேற்றப்பட வேண்டியவை.