கம்பியில்லாத் தொடர்பும் காகதாலீய நியாயமும்

காகமொன்று பனையில் வந்தமர, அக்கணமே பனம்பழம் வீழ்ந்தது. கண்டவன் காகமே பழத்தை வீழ்த்தியதெனத் துணிந்தான். பழமோ முன்னரே கனிந்து காம்பு தளர்ந்திருந்தது. தற்செயலாக உடனிகழும் நிகழ்ச்சிகளை வடமொழியாளர் காகதாலீயம் என்னும் நியாயத்தாற் சுட்டுவர். காகம், தாலமாகிய பனை என்னும் இரண்டும் சேர்ந்தமைந்த பெயர் அது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை மாத்திரையானே முன்னது பின்னதற்குக் காரணமாகி விடாது என்பது அதனாற் பெறப்படும் பாடம்.

இப்பழைய பாடம் இன்று திறன்பேசி வைத்திருப்போர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. இரவிலே கருவியின் மென்பொருள் இற்றைப்படுத்தப்படுகின்றது. காலையில் வைபைத் தொடர்பு கிடைப்பதில்லை. இற்றைப்படுத்தலே கருவியைக் கெடுத்ததென உடனே முடிவு செய்யப்படுகின்றது. சிலர் திருத்துவோரிடம் கொடுத்துப் பணத்தை இழக்கின்றனர். வேறு சிலர், கருவியில் உள்ளவற்றை முற்றாக அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு அதனைக் கொணர்கின்றனர். பிரதி எடுத்து வையாதவர்க்கு, மறைந்த பெற்றோரின் படங்களும் பல்லாண்டுக் குறிப்புகளும் அவ்வொரு செயலால் மீளாது போய்விடுகின்றன. காரணத்தை ஆராயாது பரிகாரந் தேடுதலின் விளைவு இதுவாம். ஆதலின், தொடர்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

வைபைத் தொடர்பு நான்கு படிகளால் நிறைவுறுவது. முதலாவது, அலை எட்டுதல். வீட்டிலோ கல்லூரியிலோ உள்ள ரவுட்டர் என்னும் கருவி தன் பெயரைச் செக்கனுக்கு ஏறக்குறைய 10 முறை வானொலி அலைகளிற் பரப்பிக் கொண்டிருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் 6 சென்ரிமீற்றர். பின்னது விரைவிற் சிறந்ததாயினும் சுவர்களை ஊடுருவுங்கால் கூடுதலாக வலுவிழக்கும். இரண்டாவது, அடையாளம் நிறுவுதல். கடவுச்சொல் வெளிப்படையாக வானிற் செல்வதில்லை. இரு கருவிகளும் நான்கு செய்திகளைப் பரிமாறி, அச்சொல்லைத் தாம் அறிந்தமையை ஒன்றற்கொன்று மெய்ப்பிக்கின்றன. மூன்றாவது, இலக்கம் பெறுதல். ரவுட்டர் தன்னிடமுள்ள முகவரி இலக்கங்களுள் ஒன்றைக் குறித்த காலத்துக்குத் திறன்பேசிக்கு இரவல் கொடுக்கின்றது. நான்காவது, பெயரை இலக்கமாக்கல். நாடும் தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இலக்கத்தை வேறொரு கணினியிடம் கேட்டறிந்த பின்னரே பக்கம் திறக்கும். இந்நான்கனுள் எப்படி தடைப்பட்டாலும் பயன்படுத்துவோன் காண்பது ஒன்றே: தொடர்பில்லை.

இற்றைப்படுத்தல் இவற்றுள் எதனையும் தொடக்கூடும். அலைகளை ஆளும் நிரலை அது மாற்றலாம். சேமித்த அமைப்புகள் பழுதுறலாம். சில வேளைகளிற் பழுதே இன்றியும் தொடர்பு மறுக்கப்படலாம். ஒவ்வொரு திறன்பேசிக்கும் உற்பத்தியின்போதே 48 துவித இலக்கங்களாலான முகவரி ஒன்று இடப்படுகின்றது. அதனைக் கொண்டு ஒருவர் செல்லுமிடமெல்லாம் பின்தொடரலாம் என்பதால், 2019 இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 10 உம், 2020 இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 உம் மெய்ம்முகவரியை மறைத்து, வலையமைப்புத் தோறும் வெவ்வேறு புனைமுகவரி காட்டும் வழக்கத்தைப் புகுத்தின. பதிவு செய்த முகவரிகளை மாத்திரம் ஏற்குமாறு அமைந்த வலையமைப்பு, நேற்றுவரை ஏற்ற கருவியை இதனால் அந்நியமெனக் கருதி விலக்குவதுண்டு. இங்கே கருவியும் கெடவில்லை; ரவுட்டரும் கெடவில்லை. இரண்டிற்கும் இடையிலிருந்த உடன்பாடே மாறிற்று.

காகமே பழத்தை வீழ்த்திய சந்தர்ப்பமும் இல்லாமலில்லை. 2014 செப்ரெம்பர் 24 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகியவற்றிற் பலவற்றின் கைத்தொலைபேசித் தொடர்பையும், விரலடையாளத்தாற் பூட்டுத் திறக்கும் வசதியையும் செயலிழக்கச் செய்தது. நிறுவனம் அன்றே அதனை மீளப்பெற்று, முந்தைய பதிப்பை மீண்டும் நிறுவும் வழியைக் கூறி, விரைவிலேயே திருத்திய பதிப்பையும் வெளியிட்டது. எனவே, இற்றைப்படுத்தல் குற்றமுடையதா அன்றா என்பது துணிபொருளேயன்றி முன்முடிபு அன்று.

துணியும் வழி யாதெனின், தருக்க நூலார் கூறும் அந்நுவயமும் வெதிரேகமுமேயாம். காரணம் உள்ளவிடத்துக் காரியம் உண்டாதலும், அஃதில்லாதவிடத்து இல்லையாதலும் காண்டல் வேண்டும். அதே ரவுட்டரில் மற்றொரு திறன்பேசியை இணைத்துப் பார்க்க; அதுவும் இணையாதாயின் குறை ரவுட்டரிலோ அதற்கப்பால் உள்ள சேவையிலோ ஆம். அது செவ்வனே இணையுமாயின், குறையுற்ற திறன்பேசியை வேறொரு வலையமைப்பில் இணைத்துப் பார்க்க. எங்கும் இணையாதாயின் குறை அக்கருவியின்கண் உள்ளது. ஏனைய இடங்களில் இணைந்து ஓரிடத்து மாத்திரம் இணையாதாயின், குறை அவ்விரண்டின் உடன்பாட்டில் உள்ளது. இவ்விரு சோதனைகளுக்கும் சில நிமிடங்களே செல்லும், செலவு யாதுமில்லை.

பரிகாரமும் எளியதினின்று அரியதை நோக்கிச் செல்லல் வேண்டும். முதலில் இரு கருவிகளையும் நிறுத்தி மீளத் தொடக்குக. உடன்பாட்டுக் குறையாயின், சேமித்த வலையமைப்பை மறக்கச் செய்து கடவுச்சொல்லைப் புதிதாக இடுக. முகவரிப் பதிவுள்ள இடமாயின் புனைமுகவரியை அவ்வலையமைப்புக்கு மாத்திரம் நிறுத்துக, அன்றேல் புதிய முகவரியைப் பதிவு செய்விக்க. இணைந்தும் பக்கங்கள் திறவாவிடின், திகதியும் நேரமும் சரியோவென நோக்குக. கடிகாரம் பிழைத்தாற் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். விபிஎன் செயலி இருப்பின் அதனை நிறுத்திப் பார்க்க. குறை கருவியின்கண் இருப்பின், திருத்திய பதிப்பு வெளிவந்துளதோவென நோக்கிய பின், வலையமைப்பு அமைப்புகளை மாத்திரம் மீளமைக்க. இதனாற் சேமித்த கடவுச்சொற்கள் அழியுமேயன்றிப் படங்கள் அழியா. அனைத்தையும் அழித்தல் இறுதி வழி. அதுவும் பிரதி எடுத்த பின்னரே செய்யத்தக்கது.

இடர் தருமென அஞ்சி இற்றைப்படுத்தலையே தவிர்ப்போரும் உளர். அது தக்கதன்று. மேற்கூறிய நான்கு செய்திப் பரிமாற்றத்திலேயே ஒரு பலவீனம் இருந்தமையை, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் மத்தி வன்ஹூஃப் 2017 ஒக்ரோபரில் வெளிப்படுத்தினார். உலகெங்குமுள்ள வைபைக் கருவிகளைப் பாதித்த அக்குறையை நீக்கியது மென்பொருள் இற்றைப்படுத்தலே.

கருவிகள் ஆண்டுதோறும் மாறுவன. இன்று கற்ற பொத்தான்களின் இடம் நாளை வேறாகும். காரணத்தைத் தேடும் முறையோ மாறாதது. காகத்தைக் கண்டவுடன் கல்லெடாது, காம்பையும் நோக்குபவனே பழம் வீழ்ந்ததன் உண்மையை அறிவான்.