கோடு விழாத டிசைன்

"ஏம்மா, இன்னா இது? துணி நடுவுல வாய்க்கா வெட்டின மாதிரி ஒரு கோடு ஓடுது?"

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு சாயங்காலம், கயிற்றுக் கட்டிலில் நான் ஆசை ஆசையாய் விரித்துப் போட்ட துணியைப் பார்த்து என் மாமியார் கேட்ட கேள்வி இது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் இல்லை. நாற்பது மீட்டர்! மகளிர் குழுவில் கடன் வாங்கி, நானே கம்ப்யூட்டரில் வரைந்த பூ டிசைனை அச்சடிக்கக் கொடுத்து, கவுனும் நைட்டியுமாகத் தைத்து விற்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அச்சடித்தவர் மேல் குற்றமில்லை. நான் கொடுத்த படத்தை அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டார். குற்றம் என் படத்தில்.

மணலூர்பேட்டைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் தென்பெண்ணைக் கரையில் தை மாசம் அஞ்சாம் தேதி ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலை அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்துக்குள் உடுப்புகளை விற்றுக் கடனை அடைப்பது என் கணக்கு. கணக்கு அன்றைக்கே இடிந்து போச்சு.

டிசைன் விஷயம் தெரியாத சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். துணியில் பார்க்கிற பூ, கொடி எல்லாம் முழுத் துணிக்கும் வரைந்தது அல்ல. ஒரு சின்னச் சதுரத்தில் வரைந்து, அதையே பக்கத்தில் பக்கத்தில், மேலே கீழே என்று அடுக்குகிறார்கள். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான். ஒரு கல்லின் ஓரத்தில் வெட்டுப்பட்ட கொடி, அடுத்த கல்லில் அதே இடத்தில் தொடர வேண்டும். வலது ஓரத்தில் பாதி இலை நின்றால், மீதிப் பாதி இடது ஓரத்தில் அதே உயரத்தில், அதே நிறத்தில் தொடங்க வேண்டும். தெருவாசலில் வெளியே போனவர் கொல்லைவாசலில் உள்ளே வருகிற கதை! நானோ ஓரம் வந்ததும் தூரிகையை நிறுத்திவிட்டேன். போதாததற்கு, பின்னணிப் பச்சை இடப்பக்கம் வெளுத்து, வலப்பக்கம் கறுத்து இருந்திருக்கிறது. ஒற்றைச் சதுரமாகப் பார்த்தபோது அது அழகாய்த்தான் தெரிந்தது. அடுக்கியதும் வெளுப்பும் கறுப்பும் முட்டிக்கொண்டு கோடாகிவிட்டது.

ராத்திரி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வெற்றிலையை மென்றபடி வந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். "கோலத்துல சேர்ற எடத்த நடுவுல வச்சிக்கிட்டா கையி தானா பாத்துக்கும். நீ சேர்ற எடத்த மூலையில ஒளிச்சி வச்சிருக்க" என்றார்.

நம்ப மாட்டீர்கள், கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதும் அதேதான்! அதற்கு 'ஆஃப்செட்' என்று பெயர். என் சதுரம் குறுக்கே 2000, நெடுக்கே 2000 புள்ளி. படத்தை 1000 புள்ளி வலப்பக்கமும் 1000 புள்ளி கீழேயும் நகர்த்தச் சொன்னால், வெளியே தள்ளப்பட்ட பகுதி எதிர்ப்பக்கமாக உள்ளே வந்துவிடும். ஓரமாக இருந்ததெல்லாம் நடுவில் சிலுவை மாதிரி வந்து நிற்கும். ஒளிந்திருந்த கோடு கண்ணெதிரே! அதன் மேல் ஒரு இலை, ஒரு மொட்டு என்று வரைந்து மூடிவிட வேண்டியதுதான். புதிய ஓரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை முன்பு நடுவில் ஒட்டியிருந்த பகுதிகள், தாமாகவே பொருந்தும். ஆனால் மூடும்போது தூரிகை ஓரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி கோடு.

'கிம்ப்' என்கிற இலவச மென்பொருளில் லேயர் பட்டியலில் இந்த ஆஃப்செட் இருக்கிறது. இன்னும் சுலபம் 'க்ரிட்டா'. அதுவும் இலவசம்தான். விசைப்பலகையில் 'டபிள்யூ' எழுத்தைத் தட்டினால் நம் சதுரம் திரை முழுக்க அடுக்கித் தெரியும். வலப்பக்கம் இழுத்த கோடு அப்போதே இடப்பக்கம் முளைக்கும். முதன்முதலில் பார்த்தபோது சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன். என் நாலு வயது மகளும் சேர்ந்து தட்டினாள், எதற்கென்று தெரியாமலே.

அதோடு தீர்ந்ததா? இல்லை. கோடு போச்சு, அடுத்த தொல்லை வந்தது. ஒரு பெரிய செம்பருத்தி வரைந்திருந்தேன். அடுக்கிப் பார்த்தால் அது மட்டும் பட்டாளம் மாதிரி வரிசை வரிசையாய் முழிக்கிறது! இதற்கும் மருந்து அத்தையிடமே கிடைத்தது. கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று வைப்போமே, சில ஊரில் ஊடுபுள்ளி என்பார்கள். நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. இடைப்புள்ளியில் ரெண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி, '15 புள்ளி, 8 வரை' என்று குறையுமே அது. துணி டிசைனிலும் அப்படியே. செங்கல் அடுக்குவது போல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைப் பாதி தள்ளி வைத்தால், கண் அந்தப் பூவைத் தேடிப் பிடிக்காது. செம்பருத்தியையும் கொஞ்சம் சின்னதாக்கினேன். மனசில்லாமல்தான்.

நம் கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் இலக்கண விதிகளாக எழுதி 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நம் வாசலில் இருந்து படித்த பாடம்! ருஷ்யாவில் ஃபெதோரோவ் என்ற அறிஞர் 1891-ல் இன்னொன்றைக் காட்டினார். தளத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் சித்திரங்கள் எத்தனை கோடி இருந்தாலும், அவற்றின் ஒழுங்கு வகைகள் மொத்தம் 17-தான்.

வரைய ஆசைப்படுகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. பின்னணியை முதலில் ஒரே நிறமாகப் பூசுங்கள், நிழல் வேலை பிறகு. பழைய புடவை, சுவர் போன்றவற்றைப் போட்டோ எடுத்து டிசைனாக்கினால், வெளிச்சம் ஒரு பக்கம் அதிகமாக விழுந்திருக்கும். அதைச் சமப்படுத்தாமல் ஆஃப்செட்டில் இறங்கினால் வீண் வேலை. மங்கலாக்கும் கருவிகளைப் போட்ட பிறகு இன்னொரு முறை நகர்த்திப் பாருங்கள், ஓரத்தில் குறும்பு செய்திருக்கும். ஜேபெக்கை விட பி.என்.ஜி. ஆகச் சேமிப்பது மேல், ஜேபெக் படத்தை அமுக்கும்போது ஓரம் லேசாய்க் கலங்கும். பெரிய அளவில் உருளையில் அச்சடிப்பதானால் முதலில் சுற்றளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 64 சென்டிமீட்டர் உருளை பரவலாக உண்டு. அதில் மீதியில்லாமல் அடங்க, சதுரம் 32 அல்லது 16 என்று இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, இருபது விநாடியாவது தூரத்தில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காருவேன். அது பொங்குகிற பயத்திலேயே எழுந்துவிடுவேன்!

கோடு விழுந்த நாற்பது மீட்டரை என்ன செய்தேன் என்கிறீர்களா? கோட்டிலேயே வெட்டினேன். தலையணை உறையும், கைப்பிள்ளைகளுக்குச் சட்டையுமாகத் தைத்து, போட்ட முதலில் பாதியைத் தேற்றினேன். மீதிக் கடனுக்கு இரண்டு மாதம் சிறுவாட்டுப் பணம் போச்சு.

அடுத்த தடவை ஒரே ஒரு மீட்டர் மாதிரி அடித்து வாங்கினேன். அத்தை அதைக் கட்டிலில் விரித்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவி, கண்ணாடியை மாட்டிக் கால் மணி நேரம் தேடினார். பிறகு, "எங்க சேருதுன்னு நீயே காட்டு" என்றார். எனக்கும் தெரியவில்லை. அந்த மீட்டரில் தைத்த கவுனைத்தான் இந்தத் தை அஞ்சுக்கு என் மகள் போட்டுக்கொண்டு ஆற்றுமணலில் புரண்டாள்.