கிணற்று நீரும் அறுதி உறுதியும்

நிலமொன்று கைமாறும்பொழுது நொத்தாரிசு எழுதும் உறுதியை எடுத்து நோக்குக. பரப்பும் குழியும் கணக்கிடப்பட்டிருக்கும். நாற்றிசை எல்லைகளும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்து உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் இடம்பெறுதல் வழக்கம். ஆயின், அக்கிணற்று நீர் பருகத்தக்கதோ என்னும் வினாவுக்கு உறுதியில் விடை இராது. வாங்குவோன் நீருரிமையைப் பெறுகின்றான். நீரின் இயல்பை அறியாதே பெறுகின்றான். இக்குறையை நீக்க ஐக்கிய அமெரிக்காவின் சில பகுதிகளில் விதிகள் ஆக்கப்பட்டுள்ளன. அவற்றின் அமைப்பையும், நாம் அவற்றிலிருந்து அறியத்தக்கதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது பொது நீர் வழங்கலை மட்டுமே ஆளும். 15 இணைப்புகளேனும் 25 பேரேனும் இல்லாத சிறு கிணறுகள் அதன் எல்லைக்குப் புறம்பானவை. எனவே வீட்டுக் கிணற்றுக்கு வீட்டுக்காரனே காவலன். அவனோ பல்லாண்டு பருகிய நீரைச் சோதிக்க நினைப்பதில்லை. நைத்திரேற்றுக்கும் ஆசனிக்குக்கும் நீரில் நிறமுமில்லை, மணமுமில்லை; தெளிந்த நீர் தூய நீர் என்று கண் நம்பிவிடுகிறது. கிணற்றைப் பற்றிப் பிறனொருவன் வினவும் காலம் ஒன்றுண்டாயின், அது விற்பனைக் காலமே. சட்டம் அக்காலத்தைப் பற்றிக்கொண்டது.

இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது நியூ யேர்சி மாநிலத்தின் தனியார் கிணற்றுச் சோதனைச் சட்டம். 2001இல் இயற்றப்பட்டு, 2002 செத்தெம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடிநீர்க் கிணறுள்ள ஆதனம் விற்கப்படுமிடத்து, மாநிலத்தின் சான்று பெற்ற ஆய்வுகூடம் நீரைச் சோதித்தல் வேண்டும். கோலிபோம் பற்றீரியா, நைத்திரேற்று, ஈயம், இரும்பு, மங்கனீசு, எளிதில் ஆவியாகும் சேதன இரசாயனங்கள் முதலியன சோதிக்கப்படும். ஆசனிக்கு முதலில் சில மாவட்டங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டிருந்து, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. நீரின் உண்மை நிலையை வடிகருவி மறைத்துவிடாதபடி, சுத்திகரிக்கப்படாத நீரே மாதிரியாக எடுக்கப்படும். முடிவுகள் மாநிலத் திணைக்களத்துக்கும் செல்லும். நீர் தவறுமாயின் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியும் அறிவிக்கப்படுவார்.

இனிக் கருத்தூன்றி நோக்கவேண்டியது ஒன்றுளது. நீர் கெட்டது எனக் கண்டாலும் சட்டம் விற்பனையைத் தடுப்பதில்லை. கிணற்றைத் திருத்துமாறு விற்போனைப் பணிப்பதுமில்லை. முடிவுகளைப் பெற்றுப் படித்தோம் என்று இருவரும் கையொப்பமிடவேண்டும். அதுவன்றி உரிமை மாற்றம் நிறைவேறாது. அதன்பின் விலையைக் குறைப்பதோ, வடிகருவி பொருத்துவதோ, கொள்வனவைக் கைவிடுவதோ அவர்தம் விருப்பம். இஃது ஒரு மெல்லிய சட்டம் என்று சிலர் கருதலாம். ஆயினும் அதன் வலிமை எங்கே உளதென்பதை ஒறெகன் மாநிலத்தோடு ஒப்பிட்டால் அறியலாம். ஒறெகன் 1989இலேயே இத்தகைய சட்டத்தை ஆக்கியது. ஆனால், விற்போன் அதனைப் பின்பற்றாது விடினும் உறுதி செல்லுபடியற்றதாகாது என்று அச்சட்டமே கூறுகின்றது. ஒன்று கையொப்பத்தோடு பிணைக்கப்பட்டது, மற்றது பிணைக்கப்படாதது. வேறுபாடு அதுவே. மாநிலம் முழுவதற்குமான விதி இல்லாத நியூ யோக்கிலே, வெஸ்ற்செஸ்ரர் மாவட்டம் 2007இல் தனக்கென ஒரு விதியை ஆக்கிக்கொண்டது. உள்ளூர் மன்றமும் இதனைச் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

நியூ யேர்சியில் முதல் ஐந்தாண்டுகளுக்குள் 50,000க்கு மேற்பட்ட கிணறுகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு, உடல்நலம் பற்றிய அளவுகளில் ஒன்றிலேனும் தவறின. வடபகுதியில் பாறையிலிருந்து கரையும் ஆசனிக்கும், தென்பகுதி மணற்படைகளில் இயற்கையாயமைந்த கதிர்த்தொழிற்பாடும் வெளிப்பட்டன. தனி வீட்டாரின் சோதனைகள் சேர்ந்து நாட்டின் நீர்ப்படமாயின. ஆயினும் இம்முறைக்கு எல்லையுண்டு. விற்கப்படாத வீட்டின் கிணறு சோதனைக்கு வாராது. ஒருநாட் சோதனை ஒருநாள் நிலையையே கூறும். மாரிக்குப்பின் பற்றீரியா பெருகலாம். வாடகை வீடுகளை ஐந்தாண்டுக்கொருமுறை சோதிக்கவேண்டும் என்னும் விதி அக்குறையை ஓரளவு நிரப்புகிறது.

இவை அயல்நாட்டுச் செய்திகளெனினும் நமக்குப் புறம்பானவையல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையில் தங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். அப்பாறையின் வெடிப்புகளூடே மழை இறங்குவதுபோலவே தோட்டத்து உரமும் மலகூடக் குழியின் கழிவும் இறங்குகின்றன. அதனால் நைத்திரேற்று மிகுகின்றது. அஃது ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும். நீரைக் காய்ச்சினால் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். நமது நியமத்தில் நைத்திரேற்றின் எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்கர் நைதரசனாகக் கணக்கிட்டு 10 என்பர். அது நைத்திரேற்றாக 44 அளவில் வரும். அறிக்கையைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கிலே 2019இல் உயர் நீதிமன்றம் இருபது மில்லியன் ரூபா நட்டஈடு விதித்தது. கிணறு கெட்டபின் கிடைக்கும் நீதி எத்துணைக் காலந்தாழ்த்தது என்பதை அவ்வூரார் அறிவர்.

எனினும் அயலார் விதியை அப்படியே எடுத்தாளுதல் நமக்குப் போதாது. இங்கே நிலம் விலைக்கு மட்டும் கைமாறுவதில்லை. சீதனமாகவும் நன்கொடையாகவும் பெரிதும் கைமாறுகின்றது. விற்பனையை மட்டும் பற்றிய விதி, மகளுக்குக் கொடுக்கும் வளவின் கிணற்றைத் தீண்டாது. மேலும், நம் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். பங்காளி ஒருவன் சோதனைக்கு அஞ்சுவது தன் காணியின் விலை குறையும் என்றே. ஆனால் அவன் மறைக்கும் உண்மையை நாலு வீட்டுக் குழந்தைகள் பருகுகின்றன. ஆதலால் எவ்வகை உறுதியாயினும், கிணற்றுப் பங்கு எழுதப்படும் இடத்தில் நீர்ச்சோதனை முடிவும் உடனிருத்தல் வேண்டும். அது பங்காளர் யாவர்க்கும் காட்டப்படுதல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. காணி வாங்குவோர் உறுதி முடிக்குமுன், நைத்திரேற்றுக்கும் பற்றீரியாவுக்குமான சோதனை முடிவைக் கேட்டல் எவராலும் இயலும். சீதனம் கொடுக்கும் தந்தையும் அங்ஙனமே செய்யலாம். தோம்பைத் தேடிப் பார்ப்பதற்குச் செலவிடும் நாம், நீரைத் தேர்ந்து பார்ப்பதற்கும் சிறிது செலவிடல் தகும்.